பதிவேடும் எல்லைக் கிராமமும்: கொக்கிளாயை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஈழத்து வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும், வையாபாடல், யாழ்ப்பாண வைபவமாலை முதலாய நூல்களையும், ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் விட்டுச் சென்ற நிருவாக அறிக்கைகளையும் சான்றுகளாகக் கொள்வர். பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகளை அவ்வாறு கொள்வோர் மிகச் சிலரே. அவை கச்சேரிக் கறையானுக்கு உரியவை என்று நாம் கைவிட்டுவிட்டோம் போலும். ஆயின் அரசனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. கரைவலை இழுத்தவனுக்கும், சேனை வெட்டியவனுக்கும், அவர்தம் பெண்டிர்க்கும் எழுத்தில் எஞ்சுவன பெரும்பாலும் இம்மூன்று பதிவுகளே. அவற்றுள்ளும் ஒன்று தவறினால், அம்மனிதர் அரசின் கண்ணுக்குப் பிறவாதவராகவோ இறவாதவராகவோ நின்றுவிடுவர். இந்நிலை ஒரு தனிமனிதருக்கன்றி ஓர் ஊருக்கே நேர்ந்தால் யாது விளையும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொண்ட ஊர் கொக்கிளாய். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்தது. களப்பின் முகத்துவாரத்தைக் கடந்தால் புல்மோட்டை; அது திருகோணமலை மாவட்டம். எனவே வடமாகாணமும் கீழ்மாகாணமும் சந்திக்கும் எல்லைக் கிராமம் இது. வடக்கே கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி. களப்பின் மேற்குக் கரையை அடுத்துத் தென்னமரவடி. மீனும் இறாலும் நெல்லும் இம்மக்களின் சீவனோபாயம். தலைநகரிலிருந்து மட்டுமன்றி, யாழ்ப்பாணத்திலிருந்தும் தொலைவிற் கிடந்த நிலம். தமிழ்ப் புலமையுலகமும் இதனை நெடுங்காலம் ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இத்தகையதோர் ஊரை ஏன் இன்று எடுத்துக்கொள்ள வேண்டும் எனும் வினா எழலாம். 2014 நவம்பரில் ஆசிய பசிபிக் நாடுகளின் அமைச்சர்கள் பாங்கொக் நகரிற் கூடி, குடிசார் பதிவையும் உயிர்நிகழ்வுப் புள்ளிவிவரத்தையும் செம்மைப்படுத்துவதற்கென 2015 முதல் 2024 வரையான பத்தாண்டைப் பிரகடனஞ் செய்தனர். ஐக்கிய நாடுகளின் ஆசிய பசிபிக் பொருளாதார சமூக ஆணைக்குழு அதன் நடுநாயகமாக விளங்கியது. அனைவரது பிறப்பும் இறப்பும் பதியப்படல், அப்பதிவுக்குரிய சட்டபூர்வ ஆவணம் ஒவ்வொருவர் கையிலும் இருத்தல், அவற்றிலிருந்து நம்பத்தக்க புள்ளிவிவரம் உரிய காலத்திற் பெறப்படல் என மூன்று இலக்குகள் வகுக்கப்பட்டன. 2025 ஜூனில் அதே நகரில் நடைபெற்ற மூன்றாவது மாநாடு இம்முயற்சியை 2030 வரை நீட்டியது. இம்மாநாடுகளில் நாடுகள் தத்தம் வெற்றியை நூற்றுவீதத்தில் உரைக்கின்றன. நூற்றுவீதம் ஒரு சராசரி. அச்சராசரிக்குள் அடங்காதோர் நாடு முழுவதும் சீராகப் பரந்து வாழ்வதில்லை. சில ஊர்களில், சில மக்களிடையே திரண்டு கிடக்கின்றனர். கொக்கிளாய் அத்தகைய ஊர்களுள் ஒன்று.

பதிவு எனும் கருத்து எமது மக்களுக்கு அந்நியமானதன்று. பிள்ளை பிறந்த நாழிகையைக் குறித்து ஏட்டிற் சாதகம் எழுதுவித்தல் நெடுநாள் வழக்கம். ஆனால் சாதகம் வீட்டின் உடைமை. வீடு எரிந்தால் அதுவும் எரியும். ஏடெழுதுவிக்க இயலாதோர் நிகழ்வுகளைக் கொண்டே வயதைக் கணித்தனர். 1964 டிசம்பர்ச் சூறாவளிக்கு முந்திய மாரியிற் பிறந்தவர், அதற்குப் பிந்திய வைகாசிப் பொங்கலுக்குப் பிறந்தவர் என்று வன்னிக் கரையோர முதியோர் வயது சொல்வது இன்றும் கேட்கத்தக்கதே. அரசுக்கு வேண்டியது வேறு. ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதியிற் காணித் தோம்பும் தலைத் தோம்பும் எழுதுவித்தது வரிக்கும் ஊழியத்துக்குமாக. அவர்தம் பாடசாலைத் தோம்பில் ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. விவாகம் செல்லுபடியாதற்கும் முதுசொம் பிள்ளைகளைச் சேர்தற்கும் அப்பதிவு வேண்டியிருந்தமையாற் சைவர் பலர் பெயரளவிற் கிறித்தவராயினர். பதிவேடு என்பது உரிமையைக் காக்கும் கருவியாகவும், அடிபணியச் செய்யும் கருவியாகவும் ஒருங்கே விளங்கியமையை நாம் முதன்முதல் இங்கே காண்கிறோம். இவ்விரட்டைத் தன்மை பின்வந்த எந்த ஆட்சியிலும் நீங்கவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில், 1867இல், பிறப்பு இறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நான்காண்டுகளின் பின் 1871இல் முதலாவது முறைசார்ந்த குடிசன மதிப்பீடு நடைபெற்று, இலங்கையின் சனத்தொகை 24 இலட்சம் எனக் கண்டது. அக்கால வன்னி மக்கள் அருகிய நிலம். காய்ச்சலும் பறங்கி வியாதியும் ஊர்களை அரித்தன. பறங்கி நோய் பற்றி அரசாங்கத் தலைமை மருத்துவர் கின்சி 1881இல் அறிக்கையொன்றே எழுத நேர்ந்தது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலைப் புரட்டுவோர் கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகளின் குளங்களையும், ஊர்களையும், கைவிடப்பட்ட ஊர்களையும் எதிர்கொள்வர். அந்நூல் இன்றி வன்னியின் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமூக வரலாற்றை எழுதவியலாது. எனினும் அது அதிகாரியின் பார்வை. இறந்தோர் எத்தனை பேர் என்பதிலும் பயிரிடுவோர் எத்தனை பேர் எஞ்சினர் என்பதே அதற்கு முதன்மையான வினா.

இத்துறையில் ஈழத்தமிழர் ஒருவரின் பங்கு பெரிதாதலின் அதனைச் சிறிது விரித்துரைப்போம். சேர் பொன்னம்பலம் அருணாசலத்தை இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகவும், பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடியாகவும், சித்தாந்தச் செல்வராகவும் நாம் போற்றுகிறோம். அவர் பதிவாளர் நாயகமாக இருந்தமை அடிக்குறிப்பளவிலேயே பேசப்படுகிறது. 1880களின் பிற்பகுதியில் அப்பதவியை ஏற்ற அவர், சீர்கெட்டுக் கிடந்த திணைக்களத்தை ஒழுங்குபடுத்தினார். பதிவுகளைத் தேடி எடுப்பதற்கான அட்டவணைகளை உருவாக்குவித்தார். ஆண்டறிக்கைகளை வெறும் எண்ணடுக்குகளாக விடாது நோய், ஊட்டம், மகப்பேறு ஆகியவை பற்றிய சமூக ஆய்வுகளாக்கினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி, 35,65,954 எனும் தொகையை மட்டுமன்றி இந்நாட்டு இனங்கள், சமயங்கள், மொழிகள், தொழில்கள் பற்றிய விரிவான அறிக்கையையும் தந்தார். பிற்காலத்தில் தொழிலாளர் நலன், வறுமை முதலியன பற்றி அவர் பேசியவற்றின் வித்து இவ்வெண்களிலே கிடக்கிறது என்பது எமது கருத்து. எண்ணப்பட்டோரின் துயரையே அரசிடம் வாதிட முடியும் என்பதை அவர் அலுவலகத்திற் கற்றார்.

அவர் செம்மைப்படுத்திய முறை சுதந்திரத்தின் பின் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்வழித் தொடர்ந்தது. பிறப்பு நிகழ்ந்து 42 நாட்களுள் அறிவித்தல் வேண்டும். இறப்பை 5 நாட்களுள் அறிவித்தல் வேண்டும். பதிவாளர் இரு பிரதிகளில் எழுதுவார். ஒன்று மாவட்டத்தில் இருக்க மற்றையது கொழும்பைச் சேரும். இவ்விரண்டாம் பிரதி எத்துணைப் பெறுமதியானது என்பது பின்னர் விளங்கும். பதிவின் நிறைவைச் சோதித்த ஆய்வுகள் 1953இற் பிறப்புகளில் நூற்றுக்கு 88.1உம் இறப்புகளில் 88.6உம் பதியப்பட்டதாகக் கண்டன. 1967இல் அவை முறையே 98.7, 94.5, 1980இல் 98.8, 94.0. ஆசியாவின் பல நாடுகள் அன்று கனவிலும் எட்டாத அளவு இது. இலவசக் கல்வியும், அரிசிப் பங்கீட்டு அட்டையும், கிராமந்தோறும் சென்ற மருத்துவமாதும் இதற்குக் காரணர். பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கவும் கூப்பன் பெறவும் பிறப்புப் பத்திரம் வேண்டியிருந்தமையாலேயே மக்கள் பதிவாளரைத் தேடிச் சென்றனர்; தண்டத்துக்கு அஞ்சிச் சென்றோர் குறைவு.

இப்பதிவேடுகளைக் கொண்டு உலக அறிஞர் நடத்திய வாதமொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். 1946இல் ஆயிரத்துக்கு 20 எனுமளவில் நின்ற இலங்கையின் இறப்பு விகிதம் அடுத்த ஆண்டே 14 எனுமளவுக்குச் சரிந்தது. டி.டி.ரீ. தெளித்து மலேரியாவை ஒடுக்கியதனாலா, உணவும் மருத்துவ வசதியும் மேம்பட்டமையாலா இது விளைந்தது எனப் பிரெடெரிக்சன், நியூமன், மீகம, கிறே முதலானோர் 1960களிலும் 1970களிலும் முரண்பட்டு எழுதினர். வாதத்தின் முடிவு எதுவாயினும், மாவட்டத்துக்கு மாவட்டம் இறப்பு விகிதத்தை ஒப்பிட முடிந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று. மலேரியா மிக்க வன்னி அவ்வொப்பீட்டில் ஒரு முனை. நாயாற்று முகம் பெருகும் மாரியில், மங்கிய விளக்கொளியில், யாரோ ஒரு கிராமப் பதிவாளர் எழுதிய ‘காய்ச்சல்’ எனும் ஒரு சொல் உலகச் சனத்தொகையியலின் மூலப்பொருளாயிற்று.

பதிவேட்டின் மறுமுகம் 1948இல் வெளிப்பட்டது. அவ்வாண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமையைக் குடியுரிமைக்கு அடிப்படையாக்கியது. பாட்டன் காலத்திற் பதிவே ஒழுங்காக நடைபெறாத நாட்டிற் பேரனிடம் பத்திரம் கேட்கப்பட்டது. மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. பிறப்புப் பத்திரப் படிவத்திலேயே பாட்டன், பூட்டன் பிறந்த இடத்தைக் கேட்கும் கூடுகள் இடம்பெற்றன. இரு அரசுகள் பதிவேடு குறித்து ஒத்துழைத்தால் அது தன்னளவிலே நன்மையாகிவிடாது என்பதற்கு இவ்வொப்பந்தம் தக்க சான்று. யாருக்காக ஒத்துழைக்கின்றன என்பதே வினா. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களாற் பெயர்ந்து வன்னியிற் குடியேறிய மலையக மக்கள், பத்திரமின்மை எனும் அக்குறைபாட்டையும் தம்மோடு கொணர்ந்தனர்.

1984ஆம் ஆண்டின் இறுதியிற் கொக்கிளாயின் வரலாறு அறுந்தது. நவம்பர் 30ஆம் நாள் கென்ற், டொலர் பண்ணைகளிலும், அடுத்த நாள் கொக்கிளாய், நாயாறு மீனவர் குடியிருப்புகளிலும் சிங்களப் பொதுமக்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதனையடுத்த நாட்களிற் படையினரின் நடவடிக்கைகளில் இப்பகுதித் தமிழர் கொல்லப்பட்டும் வெளியேற்றப்பட்டும் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, தென்னமரவடி ஆகிய ஊர்கள் வெறுமையாயின. அவ்விரு தரப்பு இழப்புகளையும் ஒருங்கே கணக்கில் எடாத ஆய்வு நேர்மையானதாகாது. தமிழ்க் குடும்பங்கள் மீளக் குடியமரத் தொடங்கியது போர் முடிந்து ஈராண்டின் பின்னரே. ஏறத்தாழ 27 ஆண்டுகள்.

இவ்விடத்திற் பதிவு முறையின் ஒரு நுணுக்கத்தைக் கவனித்தல் வேண்டும். பிறப்பு எப்பதிவாளர் பிரிவில் நிகழ்ந்ததோ அப்பிரிவிலேயே பதியப்படும். தாயின் பூர்வீக ஊர் எதுவாயினும் ஒன்றே. ஆகவே இடம்பெயர்ந்த கொக்கிளாய்த் தாய்க்குப் பிறந்த பிள்ளை முள்ளியவளையிற் பிறந்ததாகவோ, வவுனியாவிற் பிறந்ததாகவோ, மண்டபம் முகாமிற் பிறந்ததாகவோ எழுதப்படும். சட்டப்படி அதிற் பிழை ஏதுமில்லை. ஆயின் ஒரு தலைமுறை முழுவதும் கழிந்தபின் கொக்கிளாய்ப் பதிவேட்டைத் திறந்தால், அங்கே தமிழ்க் குழந்தைகள் பிறக்கவேயில்லை என்று தோன்றும். காணி, மீன்பிடி உரிமை, வாக்காளர் இடாப்பு யாவற்றிலும் ‘இவ்வூரவர் யார்’ எனும் வழக்கு எழும் எல்லைக் கிராமத்தில் அவ்வெறுமை நடுநிலையானதன்று. குடிசன மதிப்பீடும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. 1981இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் சுமார் 77,000 பேர் இருந்தனர். 1991இல் மதிப்பீடே நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றது 18 மாவட்டங்களில் மட்டுமே நிறைவெய்தியது, முல்லைத்தீவு அவற்றுள் இல்லை. அடுத்த முழுக்கணக்கு 2012இல், சுமார் 92,000. மூன்று தசாப்தங்களில் வந்தோரும் போனோரும் பிறந்தோரும் மாண்டோரும் இவ்விரு எண்களுக்கிடையே மறைந்துவிட்டனர்.

போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் முல்லைத்தீவுக் கரையில் வீடுகளோடு ஆவணங்களையும் அழித்தன. இத்தருணத்திலேதான் கொழும்பிற் கிடந்த இரண்டாம் பிரதி கைகொடுத்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட ஓர் அலுவலக வழக்கம் எத்தனையோ குடும்பங்களைக் காத்தது எனல் மிகையாகாது. போரின் பின் பதிவாளர் நாயகம் திணைக்களம் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு வடக்கு கிழக்கில் நடமாடும் சேவைகளை நடத்திப் பிறப்புப் பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் வழங்கியது. மூலப் பதிவே இல்லாதோருக்குக் காலங்கடந்த பதிவும், அதற்கும் வழியில்லாதபோது உத்தேச வயதுச் சான்றிதழும் தரப்பட்டன. ‘உத்தேசம்’ எனும் சொல்லைத் தம் பிறப்போடு சேர்த்துச் சுமப்போரின் மனநிலையை அலுவலகங்கள் எண்ணிப் பார்த்ததுண்டோ, அறியோம்.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் ஒரு பதிவேடு உண்டு. 1983 தொடக்கம் தமிழ்நாட்டை அடைந்த ஏதிலியருக்கு அங்கே பிறந்த பிள்ளைகள் இந்தியாவின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பதியப்பட்டனர். அப்பத்திரம் பிறப்பை நிறுவும், குடியுரிமையைத் தராது. இலங்கைச் சட்டமோ, வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் துணைத்தூதரகத்திற் பதியுமாறு கேட்கிறது. 2003 வரை அது தந்தை வழியாகவே இயன்றது. வள்ளமேறி வந்த பெற்றோரிடம் கடவுச்சீட்டு ஏது? விவாகப் பத்திரம் ஏது? 1984இல் எஸ். சி. சந்திரகாசனாற் தொடங்கப்பெற்ற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் முகாமாகச் சென்று இப்பத்திரங்களைத் திரட்டிச் சென்னையிலுள்ள தூதரகத்திற் பதிவிக்க ஆண்டுக்கணக்காக உழைத்தது. இரு அரசுகளின் திணைக்களங்கள் தமக்குள் எழுதிக்கொள்ள வேண்டிய கடிதங்களை ஏதிலிகளே சுமந்து திரிந்தனர் எனலாம். பிராந்திய ஒத்துழைப்பு எனும் பெருந்தொடரை நாம் இங்கே வைத்துப் பரிசீலிக்க விரும்புகிறோம். ஒரே மொழியில், ஒரே எழுத்தில், முப்பது கல் அகலக் கடலின் இருகரையிலும் எழுதப்படும் பிறப்புப் பதிவுகள் ஒன்றையொன்று அறியாதிருக்கின்றன. தலைப்பெழுத்தின் முறையும், பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறுபட்டால் தாயும் மகளும் அந்நியராகி விடுகின்றனர். பாங்கொக் செயற்சட்டகம் பதிவிற் பின்தங்கிய மக்கட்பிரிவினரை இனங்கண்டு ஏற்றத்தாழ்வை மதிப்பிடுமாறு நாடுகளைக் கேட்கிறது. எல்லை கடந்தோரின் பதிவுகளைப் பரிமாறுதற்கும் ஒப்பநோக்குதற்கும் உரிய பொறுப்பை இரு நாடுகளும் கூட்டாக ஏற்றாலன்றி அவ்வேற்பாடு கொக்கிளாயை எட்டாது. அத்துடன், பரிமாறப்படும் விவரம் பாதுகாப்புப் பிரிவுகளின் கைக்குச் செல்லாதவாறு காப்பிடலும் இன்றியமையாதது. 1948ஐ அறிந்தோர் இவ்வச்சத்தை வீண் என்னார்.

பிறப்பினும் இறப்பே கடினமான பகுதி. ஏழாண்டு செய்தியறியப்படாதவரை இறந்தவராகக் கொள்ளும் பழைய சான்றுச் சட்ட விதிக்குப் பதிலாக, ஓராண்டுக்கு மேற்காணாதோரின் இறப்பைப் பதிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் வழிசெய்தது. ஆழிப்பேரலையில் மாண்டோர்க்கென 2005இல் ஒரு சட்டம் ஏற்கெனவே இயற்றப்பட்டிருந்தது. அலைகொண்ட உடலுக்கும் கைதாகிக் கொண்டுசெல்லப்பட்ட உயிருக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் காணவில்லை. தாய்மார் கண்டனர். மரணச் சான்றிதழை ஏற்றால் விசாரணை முடிந்துவிடும் என அவர்கள் மறுத்தனர். 2016ஆம் ஆண்டுத் திருத்தம், காணாமற்போயுள்ளார் என்று மட்டும் கூறும் சான்றிதழொன்றை அறிமுகஞ் செய்தது அம்மறுப்பின் பயனே. 2017 தொடக்கம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்தவர்கள் கேட்டது பத்திரமன்று, விடை. 2011இல் தொகைமதிப்பு புள்ளிவிவரத் திணைக்களம் வடமாகாணத்தில் உயிர்நிகழ்வுகளைச் சிறப்பாகக் கணக்கெடுத்தது. அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, போரின் இறுதிக்கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. அரசின் கணக்கு இதனிலும் மிகக் குறைவு. குடும்பமே மாண்டவிடத்து வீட்டுக்கு வீடு வினவும் கணக்கெடுப்புக்கு மறுமொழி கூற எவருமில்லை என்பது இவ்வேறுபாட்டை ஆராய்வோர் மறக்கலாகாத முறையியல் உண்மை.

2023 ஜூன் இறுதியிற் கொக்கிளாய்க்கு அயலான கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தை அகழ்ந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த அகழ்வு 2024 ஜூலையில் நிறைவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. சீருடைத் துணிகளும் இலக்கத் தகடுகளும் உடன் கிடைத்ததாகச் செய்திகள் வெளியாயின. இறப்புப் பதிவுப் படிவத்திற்குப் பெயர் வேண்டும், வயது வேண்டும், இறந்த நாளும் காரணமும் வேண்டும். தகட்டின் இலக்கத்தைப் பெயராக மாற்றும் இடாப்பு அதனை எழுதியோரோடு அழிந்தது. எஞ்சுவது எலும்பின் மரபணுவை உறவினரின் மரபணுவோடு ஒப்பிடும் வழி. அவ்வுறவினருட் சிலர் மீண்டும் கொக்கிளாயில் வலை உலர்த்துகின்றனர். வேறு சிலர் தமிழ்நாட்டு முகாம்களிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ளனர். அவர்களிடம் மாதிரி பெறுதற்கான ஒழுங்கு எந்நாட்டின் எத்திணைக்களத்தின் பொறுப்பு என்பது பாங்கொக் சட்டகத்தில் எழுதப்படவில்லை.